ஆளற்ற கரையும் அழகு வியாபாரமும்

பயணக் கட்டுரை என்ற பெயரில் இன்று நம்மவர்கள் எழுதிக் குவிப்பவற்றுட் பெரும்பாலானவை மலையையும் கடலையும் பற்றியவை. அம்மலையிலும் கடலிலும் மாய்ந்து உழைத்த மனிதரைப் பற்றியவை அல்ல. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்தின் உணவும் தொழிலும் பறையும் யாழும் கருப்பொருள் என்றும் வகுத்துச் சொன்ன தொல்காப்பியரின் வழிவந்த நாம், முதற்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு கருப்பொருளைக் கடலில் எறிந்துவிட்டோம். ‘கண்ணுக்கினிய காட்சி’, ‘மனிதன் கை படாத இயற்கை’, ‘காலம் உறைந்து நிற்கும் மீனவக் கிராமம்’ என்பன போன்ற சொற்றொடர்கள் பத்துப் பன்னிரண்டு கைவசம் இருந்தால் உலகின் எந்தக் கரையைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதிவிடலாம். அங்கே போகவேண்டிய அவசியமும் இல்லை.

பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தை ஒப்புக்கொள்வதே முறை. ஓகஸ்ட் விடுமுறையொன்றில் கிளாஸ்கோவில் வாழும் என் அக்காவிடம் போயிருந்தேன். அத்தான் வாடகைக்கு ஒரு காரை எடுத்தார். ஸ்கொட்லாந்தின் வடகரையைச் சுற்றி ஏழு நாட்கள் போய்வந்தோம். ‘நோர்த் கோஸ்ட் 500’ என்று அப்பாதைக்குப் பெயர். இன்வர்னெஸ் கோட்டையில் தொடங்கி, கிழக்குக் கரை வழியே வடக்கே ஏறி, நாட்டின் தலைமேல் நடந்து, மேற்குக் கரை வழியே இறங்கி, மீண்டும் இன்வர்னெஸ் கோட்டையிலேயே வந்து முடியும் 516 மைல் வட்டம். வீதிகள் பழையவை; பெயர்தான் புதிது. 2015 இல் சுற்றுலாவுக்காகச் சூட்டப்பட்ட வியாபாரப் பெயர் அது. செங்குத்தான பாறைகள், வெண்மணற் குடாக்கள், மழைக்கும் வெயிலுக்கும் இடையே நிமிடத்திற்கு ஒரு நிறம் கொள்ளும் கடல், ஒரு வண்டி மட்டுமே போகத்தக்க வீதியில் எதிரே வருவோருக்கு விலகி வழிவிடுவதற்கென வெட்டிவைத்த இடங்கள், அவ்வாறு வழிவிட்டால் கையுயர்த்தி நன்றி சொல்லும் வழக்கம். அழகில்லை என்று சொன்னால் நான் பொய்யனாவேன்.

திரும்பி வந்ததும் எங்கள் கல்லூரி மலருக்கு நான்கு பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். ‘ஆதி மனிதனும் அடி பதிக்காத கன்னி நிலம்’ என்ற தொடர் அதில் இருந்தது. எழுதியபோது அத்தொடரில் எனக்குப் பெருமையும் இருந்தது.

கட்டுரையையும் படங்களையும் உயர்தர வகுப்பில் காட்டினேன். ஒரு மாணவி படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். 1990 இல் மயிலிட்டியை விட்டு ஓடி, இருபத்தேழு ஆண்டு கழிந்து 2017 இல் துறைமுகம் விடுவிக்கப்பட்ட பின் ஊர் திரும்பிய கடற்றொழிற் குடும்பம் அவளுடையது.

“சேர், துறை எண்டு எழுதியிருக்கிறியள். ஒரு வள்ளத்தைக் காணேல்லை, ஒரு வலை காயேல்லை. அந்தச் சனம் எங்கை சேர்?”

அங்கே இப்போது அவ்வளவாக ஆட்கள் இல்லை என்றேன்.

“இப்ப இல்லையோ, எப்பவுமே இல்லையோ?”

எனக்கு விடை தெரியவில்லை என்று சொல்லித் தப்பவும் முடியாது. விடை எனக்குத் தெரிந்திருந்தது, அதுதான் வெட்கக்கேடு. பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் மார்க்சின் ‘மூலதனம்’ முதற்பாகத்தில் இருபத்தேழாம் அதிகாரத்தைக் கோடிட்டுக் கோடிட்டுப் படித்தவன் நான். விவசாயிகள் தம் நிலத்திலிருந்து எவ்வாறு பறித்தெறியப்பட்டனர் என்பதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட பெரிய உதாரணம் சதர்லாந்துக் கோமகளின் ஆதனம். அதே சதர்லாந்தின் ஊடாக இரண்டு நாள் காரில் போனேன். பெயர்ப்பலகைகளை வாசித்தேன். படம் பிடித்தேன். புத்தகத்தில் கோடிட்ட வரிகளும் கண்முன் கிடந்த வெளியும் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை! மார்க்சைப் படித்த ஒருவனின் கண்ணையே இந்த அழகு வியாபாரம் இவ்வளவு எளிதாகக் கட்டிவிடுமானால், ஏனையோரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

அந்த வெளி எப்படி வெளியாயிற்று என்று பார்ப்போம். ஸ்ட்ராத்நேவர் என்பது நேவர் ஆற்றின் பள்ளத்தாக்கு. ஆறு வடக்கே ஓடிக் கடலைச் சேர்கிறது. இரு கரையிலும் பச்சைப் புல். அந்தப் புல்லின் பசுமையே அங்கே மனிதர் வாழ்ந்ததற்குச் சாட்சி. தலைமுறை தலைமுறையாக எருவிட்டுப் பண்படுத்திய மண் அது. மாடு வளர்த்தும் ஓட்ஸ், பார்லி விதைத்தும் கேலிக் மொழி பேசிய குடிகள் அங்கே வாழ்ந்தனர். ரொசல் போன்ற ஊர்களின் வீட்டு அத்திவாரங்கள் இன்றும் புல்லுக்குள் கிடக்கின்றன. கோமகள் எலிசபெத்தும், அவளை மணந்த ஆங்கிலப் பெருஞ்செல்வன் ஸ்டஃபோர்ட் பிரபுவும் குடிகளின் வாரத்தைவிடச் செம்மறியாட்டின் கம்பளி கூடிய வருவாய் தரும் என்று கண்டனர். பள்ளத்தாக்குகள் தெற்கிலிருந்து வந்த பெரும் ஆட்டுப் பண்ணைக்காரருக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1814 இலும் 1819 இலும் ஸ்ட்ராத்நேவரில் வீடுகள் கொளுத்தப்பட்டன. குடிகள் திரும்பி வந்து குடியேறாதிருக்கக் கூரைமரங்களை எரிப்பதே வழி. மரம் அரிதான அந்நாட்டில் கூரைமரம் போனால் வீடு போயிற்று.

கொளுத்துவதை மேற்பார்த்த பற்றிக் செல்லர் என்பவன் ஆதனத்தின் அதிகாரி மட்டுமல்லன். காலியான நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த ஆட்டுப் பண்ணைக்காரனும் அவனே. நோயுற்றுக் கிடந்த ஒரு கிழவியின் குடிசையை அவள் உள்ளே இருக்கவே கொளுத்தினான் என்பது அவன்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. 1816 இல் இன்வர்னெஸில் வழக்கு நடந்தது. நிலவுடைமையாளர் நிறைந்த யூரர் சபை அவனைக் குற்றமற்றவன் என விடுவித்தது. அவன்மீது விசாரணை நடத்திய மக்கிட் என்ற அதிகாரிதான் பதவி இழந்தான். நமது உல்லாசப் பாதை எந்த நகரில் தொடங்குகிறதோ அந்த நகரில்!

மார்க்ஸ் தரும் கணக்கை ஒருமுறை நினைவூட்டிக்கொள்வோம். 1814 முதல் 1820 வரை சுமார் 3,000 குடும்பங்கள், 15,000 பேர். அவர்கள் ‘என்றென்றும்’ வாழ்ந்த 7,94,000 ஏக்கர் கோமகளின் தனியுடைமை. அவர்களுக்கு விடப்பட்டது கடலோரத்தில் 6,000 ஏக்கர். குடும்பத்திற்கு 2 ஏக்கர். 1825 அளவில் அவர்கள் இருந்த இடத்தில் 1,31,000 செம்மறியாடுகள் நின்றன. தொகைகளைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் பின்னர் வாதிட்டிருக்கலாம். குடிகள் போயினர், ஆடுகள் வந்தன என்பதில் வாதமில்லை.

சிலப்பதிகாரம் படித்தவருக்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரவேண்டும். பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. வேறு நிலங்கள் தம் இயல்பு கெட்டுத் திரிந்த வடிவமே அது என்று இளங்கோ கண்டார். அவர் அதற்குக் கோடையைக் காரணம் காட்டினார். சதர்லாந்தின் முல்லையைப் பாலையாக்கியது கோடையன்று, கணக்கேடு. இதைத்தான் நான் ‘கன்னி நிலம்’ என்று எழுதினேன்.

இனி மீனவக் கிராமங்களுக்கு வருவோம். பயணிகளைக் கவரும் பிரசுரங்களிலெல்லாம் ‘வரலாற்றுப் புகழ்மிக்க மீனவக் கிராமங்கள்’ என்ற தொடர் தவறாது இடம்பெறுகிறது. புகழ் யாருடையது? அந்த வடகரையின் துறைகளுட் பல, ஆதிகாலம் தொட்டு அலையோடு பழகிய பரதவர் தாமே அமைத்துக்கொண்டவை அல்ல. உள்நாட்டிலிருந்து துரத்தப்பட்ட மாட்டுக்காரரை மீன்பிடிகாரராக மாற்றுவதற்காக ஆதனத்தார் வகுத்த குடியிருப்புக்கள் அவை. ஹெல்ம்ஸ்டேல் அவ்வாறு பிறந்தது. நேவர் ஆற்று முகத்தில் உள்ள பெற்றிஹில்லும் அவ்வாறே. கோமகள் எலிசபெத்தின் செல்லப் பெயரால் அவ்வூர் வழங்குகிறது என்பர். வீட்டைக் கொளுத்தியவளின் பெயரையே தாம் ஒதுங்கிய பாறைக்கும் இட்டு அழைக்க வேண்டியிருந்தது அந்த மக்களுக்கு.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். கடலோரத்தில் கொடுக்கப்பட்ட காணித்துண்டுகள் வேண்டுமென்றே சிறிதாக அளக்கப்பட்டவை. ஒரு குடும்பம் அதைக் கொத்தி உயிர்வாழ முடியுமானால் அது கடலுக்குப் போகாது. ஆகவே உயிர்வாழ முடியாத அளவுக்கு அளந்து கொடுத்தார்கள். துடுப்பைத் தொட்டறியாத கையில் துடுப்பைத் திணிப்பதற்குச் சவுக்குத் தேவைப்படவில்லை. அளவுச் சங்கிலி போதுமாயிருந்தது. இதற்கு அக்காலத்தார் இட்ட பெயர் ‘முன்னேற்றம்’. ஆதனத்தின் ஆணையாளனாயிருந்த ஜேம்ஸ் லொக் இம்முன்னேற்றத்தை விளக்கி 1820 இல் ஒரு நூலே எழுதினான். புதிய வீதிகள் எத்தனை மைல், பாலங்கள் எத்தனை என்றெல்லாம் அதில் கணக்குண்டு.

கேத்னெஸ் கரையில் பட்பே என்றோர் இடம். அது வேறு பிரபுவின் ஆதனம், கதை ஒன்றுதான். லாங்வெல், பெரிடேல் பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் செங்குத்துப் பாறையின் உச்சியில், சரிவில், தாமே கல்பொறுக்கி வீடு கட்டின. காற்று கடலுக்குள் வீசி எறிந்துவிடாதிருக்க ஆடுமாடுகளை முளையடித்துக் கட்டினார்கள். குழந்தைகளையும் கட்டினார்கள். இது கதையன்று, அங்குள்ள அறிவிப்புப் பலகையிலேயே எழுதியிருக்கிறது. கடைசிக் குடியிருப்பாளர் 1911 இல் வெளியேறினார். அங்கே நாங்களும் நின்றோம். அக்கா பிளாஸ்கில் கொண்டுவந்த தேநீரை ஊற்றினாள். காற்றில் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. நான் அந்தக் கற்சுவர்களின் மேல் விழுந்த மாலை வெயிலைப் படம் பிடித்தேன். பலகையை வாசிக்கத் தொடங்கியபோது அத்தான் சொன்னார்: “தம்பி, லீவிலை வந்த இடத்திலையும் பாடம் படிக்கிறியோ? இருட்டுறதுக்குள்ளை விக் போகவேணும்.” நானும் வாசிப்பதை விட்டுவிட்டு ஓடிவந்து காரில் ஏறினேன். அத்தானை நான் குறை கூறமாட்டேன். வாரத்தில் ஆறு நாள் ஒரு களஞ்சியத்தில் இரவுவேலை செய்யும் மனிதர், வருடத்தில் ஒருமுறை கிடைத்த ஓய்வு அது. சம்பளத்துடன் கூடிய விடுமுறை என்பதே தொழிலாளர் போராடிப் பெற்ற உரிமை; பிரித்தானியாவில் அதற்கு 1938 இல்தான் சட்டம் வந்தது. அவர் ஓய்வெடுக்கட்டும். ஆனால், எழுதுவதற்கென்று போனவன் நான். ஓடி வந்து ஏறிய குற்றம் என்னுடையது.

விக் நகரின் துறையோடு ஒட்டிய புல்ற்னிரவுண் பகுதி 1800களின் முற்பகுதியில் பிரித்தானிய மீன்பிடிச் சங்கத்திற்காகத் தோமஸ் டெல்ஃபோர்ட் என்ற பொறியியலாளர் வரைந்து அமைத்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஹெரிங் மீன் காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் அங்கே கூடின. ஹெரிங் நமது சூடை, சாளைக்கு இனமானது. பிடித்த அன்றே குடல் நீக்கி உப்பிடாவிட்டால் கெட்டுவிடும். அந்த வேலை பெண்களுக்கு. இருவர் குடல் நீக்க, ஒருவர் பீப்பாயில் அடுக்க, மூவர் ஒரு குழு. கைதேர்ந்தவள் நிமிடத்திற்கு அறுபது மீன் வரை வெட்டுவாள் என்பார்கள். கத்தி தவறினால் விரல். விரலில் வெட்டு விழுந்தால் அதன்மேல் உப்பு. விரல்களுக்குத் துணிக்கந்தல் சுற்றிக்கொண்டு வேலை செய்தார்கள். மீன் கூட்டம் தெற்கே நகர நகர அவர்களும் ஷெட்லாந்திலிருந்து இங்கிலாந்தின் யார்மத் வரை துறை துறையாகப் போனார்கள். கூலி பீப்பாய்க் கணக்கு. வேலையில்லாத நேரத்திலும் கை ஓயாது. நடந்துகொண்டே கம்பளி பின்னினார்கள். அந்தப் பின்னலைத்தான் பழைய படங்களில் கண்டு ‘என்ன கவர்ச்சி’ என்று பயணிகள் வியக்கிறார்கள்.

விக் நகருக்குத் தெற்கே வேலிகோ என்ற குடாவில், பாறையின் முகத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட கற்படிகள் உள்ளன. கீழே வந்து சேர்ந்த மீனைக் கூடையில் சுமந்து பெண்கள் அப்படிகளில் ஏறினார்கள். ஏறியபின் விக் வரை மைல் கணக்கில் நடந்தார்கள். இன்று அப்படிகள் ‘கட்டாயம் காணவேண்டிய’ இடங்களின் பட்டியலில் உண்டு. வெறுங்கையுடன் இறங்கி ஏறியதற்கே எனக்கு மூச்சு வாங்கியது.

1848 ஓகஸ்ட் மாதத்தில் ஒரு புயல். மேற்றளம் இல்லாத திறந்த படகுகள். நீர்மட்டம் தாழ்ந்த வேளையில் படகை உள்ளே விடாத துறைகள். கிழக்குக் கரையில் ஒரே இரவில் ஏறத்தாழ நூறு மீனவர் மாண்டனர். விக் துறையின் வாயிலிலேயே, கரையில் நின்ற மனைவி மக்களின் கண்ணெதிரே பலர் மூழ்கினர். நாடாளுமன்றத்திற்கு அறிக்கை போயிற்று. மேற்றளமுள்ள படகும் ஆழமான துறையும் வேண்டுமென்று அதில் எழுதப்பட்டது. ‘கரடுமுரடான கரை’ என்று நாம் அழகுணர்ச்சியோடு சொல்லும் கரை இதுதான். கரடுமுரடு என்பது காரில் போகிறவனுக்குக் காட்சி. படகில் வருகிறவனுக்குச் சாவு.

அந்த மீன் எங்கே போயிற்று என்பதும் சொல்லப்படவேண்டியது. ஸ்கொட்லாந்தின் உப்பிட்ட ஹெரிங் ஒரு காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்கு உணவாக அனுப்பப்பட்டது. நிலமிழந்தவன் பிடித்த மீன், உடலையே இழந்தவனுக்குத் தீனி. பிறகு பெருஞ்சந்தை ஜெர்மனியும் ருஷ்யாவும். முதல் உலகப் போரும் அதைத் தொடர்ந்த புரட்சியும் அச்சந்தையைச் சுருக்கின. மீனையும் பின்னர் இயந்திரப் படகுகள் வழித்துத் துடைத்தன. 1977 இல் வடகடலில் ஹெரிங் பிடிப்பதையே தடைசெய்ய வேண்டியதாயிற்று. துறைகள் வெறுமையானது இவ்வாறு. பள்ளத்தாக்கில் ஒருமுறை, கரையில் ஒருமுறை.

இவ்வளவும் எழுதியபின் நண்பர்கள் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். பயண இலக்கியத்தின் நோக்கம் இன்பமூட்டுவது. ரசிக்கப் போன இடத்தில் பழைய புண்ணைக் கிளறுவதேன்? இக்கேள்விக்கு நான் விடை சொல்வதிலும், நடந்த ஒன்றைச் சொல்வது மேல்.

‘அங்கிள் டொம்ஸ் கபின்’ எழுதி அமெரிக்க அடிமைமுறையை உலகறியச் செய்த ஹரியட் பீச்சர் ஸ்டோ அம்மையார் 1853 இல் பிரித்தானியாவுக்கு வந்தார். லண்டனில் அவருக்குப் பெரு வரவேற்பளித்தவள் அடுத்த தலைமுறைச் சதர்லாந்துக் கோமகள். குடிகளைக் கிளப்பிய எலிசபெத்தின் மருமகள். அடிமைமுறையைக் கண்டித்து ஆங்கிலச் சீமாட்டிகளின் கூட்டத்தைத் தன் மாளிகையில் கூட்டியவளும் அவளே. அக்கூட்டத்தைக் கேள்விப்பட்ட மார்க்ஸ், இந்த இரக்கம் கடல் கடந்த நீக்ரோவருக்கு மட்டும்தானா என்று கேட்டு, சதர்லாந்தின் கதையை 1853 இலேயே பத்திரிகையில் எழுதினார். ஸ்டோ அம்மையார் திரும்பிப் போய் 1854 இல் ஒரு பயண நூல் வெளியிட்டார். ‘அயல்நாடுகளின் ஒளிமிகு நினைவுகள்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அதில் ஒரு கடிதம் முழுவதையும் சதர்லாந்து ஆதனத்திற்கு வக்காலத்து வாங்குவதில் செலவிட்டார். ஆதாரம்? ஜேம்ஸ் லொக்கின் கணக்குகள். வீதி எத்தனை மைல், பாலம் எத்தனை.

ரொசலில் பிறந்த டொனால்ட் மக்லியொட் என்ற கல்தச்சன் அப்போது கனடாவில் இருந்தான். 1819 இல் ஓர் இரவு மேட்டில் ஏறி நின்று எரியும் வீடுகளை எண்ணி, 250 என்று எழுதிவைத்தவன் அவன். 1840இலும் அடுத்த ஆண்டிலும் எடின்பரோப் பத்திரிகையொன்றில் கடிதம் கடிதமாகத் தன் மக்களின் கதையை எழுதியவன். அதற்கு முன்பே அவன் குடும்பமும் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டிருந்தது. அம்மையாரின் நூலை அவன் படித்தான். 1857 இல் தன் மறுப்பை நூலாக்கினான். அதன் தலைப்பு ‘இருண்ட நினைவுகள்’.

ஒளிமிகு நினைவுகளும் இருண்ட நினைவுகளும்! பயண இலக்கியம் பற்றி நமது விமரிசகர்கள் எழுதவேண்டியதெல்லாம் இவ்விரு தலைப்புக்களுக்கிடையே அடங்கிக் கிடக்கிறது. ஸ்டோ அம்மையார் கெட்ட மனம் படைத்தவரல்லர். அடிமையின் கண்ணீரைக் கண்டு உலகையே அழவைத்தவர். விருந்தோம்பியவள் காட்டிய பக்கத்தை மட்டும் பார்த்தார், அவ்வளவே. அந்த அளவு போதுமாயிருந்தது ஒரு பேரெழுத்தாளர் ஒரு கொடுமைக்குச் சாட்சியம் சொல்ல. கல்தச்சனிடம் இருந்தது எண்ணிய கணக்கு ஒன்றே. ‘இன்பமூட்டும்’ பயண நூலை விரும்புவோர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதைத் தாமே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

‘அது முடிந்த கதை, இன்று சுற்றுலாதான் அம்மக்களுக்குச் சோறு போடுகிறது’ என்பது இன்னொரு வாதம். இதில் உண்மை இல்லாமலில்லை. தங்குவிடுதியும் தேநீர்க்கடையும் பெற்றோல் நிலையமும் பிழைத்திருப்பது பயணிகளால்தான். ஆனால், சோறு போடுகிற கைதான் வீட்டையும் பறிக்கிறது. விடுமுறைக்கு வாடகைக்கு விட்டால் ஒரு வாரத்தில் கிடைப்பது, ஊர் இளைஞனுக்கு வாடகைக்கு விட்டால் ஒரு மாதத்திலும் கிடையாது. தெற்கத்திச் செல்வர் வாங்கிப் பூட்டி வைத்த வீடுகள் குளிர்காலத்தில் இருண்டு கிடக்கின்றன. இது முற்றியதன் விளைவாகவே, இரண்டாம் வீடு வைத்திருப்போரிடம் இரட்டிப்பு வரி அறவிட 2024 ஏப்ரலிலிருந்து ஸ்கொட்லாந்தின் உள்ளூராட்சிச் சபைகளுக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டது. பயணிகளுக்கு வழிகாட்டும் ஃபோடர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனமே, நெரிசல் தாங்காது தவிக்கும் இடங்களைப் பட்டியலிட்டு, 2025 இல் போவதை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று இப்பாதையையும் அதிற் சேர்த்தது. படுக்கையும் அடுப்பும் கொண்ட பெருவான்கள் அந்த ஒற்றைத் தட வீதிகளில் முட்டிக்கொண்டு நிற்பதை நாங்களும் கண்டோம். அவற்றுக்குப் பின்னால் ஒரு வைத்திய வண்டியும் நின்றது.

பாதையின் பெற்றோர் யாரென்று பார்த்தாலும் விடயம் விளங்கும். அதைத் தொடக்கிவைத்தது அன்றைய இளவரசர் சார்ள்ஸ் 2005 இல் நிறுவிய ஒரு தர்ம அமைப்பு. இப்பாதையை வியாபாரம் செய்யும் கம்பனியில் முதலிட்டவர்களுள், வட ஸ்கொட்லாந்தில் 2 இலட்சம் ஏக்கருக்கு மேல் வாங்கிப்போட்டிருக்கும் டென்மார்க் நாட்டுக் கோடீஸ்வரர் அண்டர்ஸ் பொவ்ல்சனும் ஒருவர். அவர் நிலத்தை ‘மீண்டும் காடாக்க’ விரும்புகிறாராம். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். ஸ்கொட்லாந்தின் தனியார் நாட்டுப்புற நிலத்திற் பாதி ஐந்நூறுக்கும் குறைவான உடைமையாளர் கையில் இருக்கும்போது, நல்ல நோக்கமும் ஒரு பிரபுவின் விருப்பமாகவே வந்து இறங்குகிறது. கொல்ஸ்பி என்ற ஊருக்கு மேலே மலையுச்சியில் முதலாம் கோமகனின் பேருருச் சிலை நிற்கிறது. 1837 இல் எழுப்பியது. ஊரின் எப்பக்கம் திரும்பினாலும் அது தெரியும். அடியில் கடலோரமாக 189 அறைகள் கொண்ட டன்ரொபின் மாளிகை. நுழைவுச்சீட்டு வாங்கி நாங்களும் உள்ளே போய்ப் பார்த்தோம்.

ஈழத்து வாசகருக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றலாம். நமது மலைநாட்டுத் தோட்டங்களின் பெயர்களைச் சற்று உரக்க வாசித்துப் பாருங்கள்: டன்சினேன், ஹோலிரூட், ஸ்ட்ராத்ஸ்பே, டன்கெல்ட். கோப்பியும் தேயிலையும் நட வந்த துரைமாரிற் பெருந்தொகையினர் ஸ்கொட்லாந்துக்காரர். தம் பள்ளத்தாக்குகளின் பெயரைத் தூக்கிவந்து நம் மலைகளுக்கு இட்டார்கள். ‘முன்னேற்றம்’ என்ற சொல்லையும் கூடவே கொண்டுவந்தார்கள். நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகும் நமது பேருந்துகள் பச்சைச் சரிவில் நின்று படம் பிடிக்கின்றன. படத்தில் கொழுந்துக் கூடையும் விழுந்தால் அழகு கூடுகிறது. லயத்தின் கூரைத்தகரம் விழாதபடி சட்டத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நானும் அந்த மக்களுக்கு அநீதி செய்தவனாவேன். அவர்கள் வாய்மூடி எரிந்தவர்களல்லர். அலப்பூலுக்கு வடமேற்கே கொயிகக் என்ற பகுதியில் 1852, 1853 ஆண்டுகளில் வெளியேற்ற ஆணையுடன் படகில் வந்த அதிகாரிகளைப் பெண்களே எதிர்கொண்டு மறித்தனர். ஆணைக் கடதாசிகளைப் பறித்து எரித்தனர். ஓர் அதிகாரியின் உடையையும் உரிந்து திருப்பி அனுப்பினர். கொயிகக் மக்களை அந்தப் பிரபு வெளியேற்ற முடியவில்லை. 1880களின் போராட்டங்களின் பயனாக 1886 இல் சிறுகாணிக்காரருக்குக் குடியிருப்புரிமை தரும் சட்டம் வந்தது. 1993 இல் அசின்ட் பகுதியின் சிறுகாணிக்காரர்கள் ஊரூராகப் பணம் திரட்டித் தாம் குடியிருந்த 21,000 ஏக்கர் ஆதனத்தை நிலக்கிழார் கையிலிருந்து தாமே வாங்கினார்கள். நமது கார் அந்நிலத்தின் நடுவே போயிற்று. வளைவுகள் அதிகமான வீதி என்பதைத் தவிர என் குறிப்பேட்டில் அதைப்பற்றி ஒன்றுமில்லை.

இலக்கியக்காரருக்கும் அங்கே கற்கப் பாடமுண்டு. எழுதப் படிக்கத் தெரியாத ரொப் டொன் என்ற பதினெட்டாம் நூற்றாண்டுக் கேலிக் கவிஞன் டெர்னஸ் அருகே கடற்கரைத் தேவாலயமொன்றில் அடக்கமாகி இருக்கிறான். பிரபுக்களையும் எள்ளிப் பாடியவன். டன்பீத் என்ற துறையிற் பிறந்த நீல் கன், நிலமிழந்து கடலுக்கு வந்தவர்களின் வாழ்வை 1941 இல் ‘வெள்ளிச் செல்வங்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் நாவலாக்கினார். அழிக்கப்பட்டவர் எப்படிக் கடற்றொழிலைக் கற்று மீண்டும் நிமிர்ந்தனர் என்பதே அதன் பொருள். கண்ணீர்க் கதை அன்று. 1973 இல் ஜோன் மக்ராத் ஆட்டில் தொடங்கி, மான் வேட்டைக் காடு வழியாக, வடகடல் எண்ணெய் வரை வரும் சுரண்டலை ஒரு நாடகமாக்கி, ‘7:84’ என்ற தம் குழுவுடன் அந்தப் பின்தங்கிய ஊர்களின் மண்டபங்களிலேயே நடித்துக் காட்டினார். நாட்டின் செல்வத்தில் 84 வீதம் 7 வீதத்தினர் கையில் என்ற கணக்கே அக்குழுவின் பெயர். இவர்களில் எவரும் அக்கரையின் அழகை மறுக்கவில்லை. கடலும் காற்றும் கன் எழுத்தில் இருப்பதுபோல் எந்தப் பயண நூலிலும் இல்லை. ஆனால், அந்தக் கடலில் வலை இழுப்பவனின் கை இருக்கிறது.

கல்லூரி மலருக்குக் கொடுத்த கட்டுரையை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன். நான்கு பக்கம் காலியாகக் கிடக்கிறது என்று மலரின் மாணவ ஆசிரியர் நேற்றும் வந்து நினைவூட்டினார். டொனால்ட் மக்லியொட்டின் கடிதங்களில் ஒன்றைத் தமிழாக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பட்பே கற்சுவரின் படத்தை அதனோடு போடலாமா என்று கேட்டார். போடலாம், அங்கிருந்த அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்ததையும் அதன் கீழே சேர்த்துப் போடவேண்டும் என்றேன். நான் வாசித்து முடிக்காத மீதியைக் கேட்டு அக்காவுக்கு எழுதியிருக்கிறேன்.